புத்தகத்தோடு நிற்கிறவர்

எங்கள் பங்குக் கோவிலில், வலப்பக்கத் தூணுக்குப் பின்னால் ஒரு புனிதர் நிற்கிறார். தலையில் ஆயரின் தொப்பி, நீண்ட தாடி, கையில் ஒரு தடித்த புத்தகம். அந்தப் புத்தகத்தின் நடுவே ஒரு வாள் குத்தி மறுபக்கம் வந்திருக்கும். லண்டனுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கோவிலுக்குத்தான் போகிறேன் என்றாலும், அவர் யார் என்று பல வருடங்களாக நான் விசாரித்ததில்லை. நேரே மாதாவிடம் போவேன், மெழுகுதிரி கொளுத்துவேன், என் முறைப்பாடுகளை ஒன்றும் விடாமல் சொல்லுவேன், வந்துவிடுவேன். வெள்ளைக்காரப் புனிதருக்கு என் தமிழ் விளங்குமோ என்ற எண்ணமும் உள்ளுக்குள் இருந்திருக்கும்.

எங்கள் ஆட்கள் ஆனால் சும்மா விடுகிற ஆட்களா? புத்தகத்தோடு நிற்கிறார் என்றால் படிப்புக்குரியவர்தான் என்று யாரோ ஒரு தாய் முடிவு கட்டிவிட்டாள். அன்று தொடங்கியது. பிள்ளைகளுக்குச் சோதனை வருகிற காலமெல்லாம் அவருடைய காலடியில் பேனை, பென்சில், அடிமட்டம், கல்குலேட்டர். பங்குத் தந்தை ஐரிஷ்காரர், வயதான மனிதர். பிள்ளைகள் மறந்துபோய் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்து எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பெட்டியில் போட்டு வாசலில் வைப்பார். தாய்மார் அதை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பவும் அவர் காலடியில் வைப்பார்கள். இது ஒரு பக்கமும் அலுக்காமல் வருடக்கணக்காக நடந்தது.

"அந்த வாள் எதுக்கக்கா?" என்று நான் ஒருநாள் பக்கத்தில் நின்ற அக்காவிடம் கேட்டேன்.

"பெயில் விட்டா வெட்டுறதுக்கு" என்றாள் அவள். கோவிலுக்குள்ளே இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அவள் மன்னார்ப் பக்கத்து அக்கா. புருஷனும் மகளும் அவளுமாக இங்கே வந்தவர்கள். மகன் மட்டும் ஊரில், தாய்மாமன் வீட்டில். ஏ.எல். என்கிற பள்ளிக் கடைசிச் சோதனையை எழுதி முடித்துவிட்டு வரட்டும், படிப்பு குழம்பக்கூடாது என்று விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஊரில் சண்டை நின்றிருந்த சமாதான காலம் அது. எல்லாருக்கும் அடுத்த வருடம் என்று ஒன்று இருந்தது. அன்றைக்கு அவள் மெழுகுதிரி கொளுத்தியது அந்த மகனின் சோதனைக்குத்தான். பெடியன் மிக நன்றாகவே சித்தியடைந்தான். அவன் புறப்படுவதற்குள் சண்டை திரும்பத் தொடங்கி, ஊரிலிருந்து வெளியே வருகிற பாதையைப் பூட்டிவிட்டார்கள். பிறகு ஒருநாள் அவன் மாமன் வீட்டிலும் இல்லை என்று கேள்விப்பட்டோம். இயக்கத்துக்குத் தானாகப் போனானா, கொண்டுபோனார்களா என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பது எங்களில் வழக்கமில்லை.

பாதை பூட்டிய அடுத்த வருடம்தான் அந்தக் கூத்து வந்தது.

யூன் மாதம் பங்குத் திருவிழா. அந்த வருடம் ஐரிஷ் பாதர் தமிழ்ச் சபையைக் கூப்பிட்டு, நீங்கள் இத்தனை குடும்பம் இருக்கிறீர்கள், எங்கள் பாதுகாவலருக்கு ஏதாவது செய்யுங்களேன் என்றார். சாப்பாடு செய்யச் சொல்லுகிறார் என்று நினைத்து எங்கள் தலைவர் தலையாட்டிவிட்டு வந்தார். கூட்டத்தில்தான் ஒருவர் எழும்பி, "நாட்டுக்கூத்து ஒண்டு போடுவம்" என்றார். அவர் பகலில் மினிகாப் ஓட்டுகிறவர். கூத்துப் பழக்குகிறவரை அண்ணாவியார் என்போம்; அந்தச் சொல்லால் கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். எங்களூர்க் கோவில்களில் புனிதர்களின் கதையை விடிய விடிய ஆடுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. லண்டனில் விடிய விடிய ஆடக் கோவில் மண்டபமான ஹோலைத் தரமாட்டார்கள் என்பதால் மூன்று மணித்தியாலத்துக்குச் சுருக்குவதாக அவர் பெரிய மனது பண்ணிச் சொன்னார்.

"சரி, அவரின்ரை கதை என்ன?" என்று யாரோ கேட்டார்கள்.

ஒருவருக்கும் தெரியாது. இத்தனை பேனை வைத்தும் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு இங்கிலிஷ் ஓடும், மருந்துக்கடையில் வேலை செய்கிறேன், வாயும் கொஞ்சம் நீளம். ஆகவே கதையைத் தேடி எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அண்ணாவியார் பாட்டுக் கட்டுவார், நான் கதை கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

டூட்டிங் நூல்நிலையத்தில் ஒரு புத்தகம் கிடைத்தது. கோலியர்ஸ் வுட்டில் என் வீட்டுக் குசினி மேசையில், சோறு ஒரு பக்கம் அவியப் படித்தேன். முதல் ஆச்சரியம், அந்த மனிதர் இந்த நாட்டுக்காரர். இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே மடத்துக்குப் போய், நன்றாகப் படித்து, படிப்பிக்கிறவராகவும் ஆனவர். அப்படியே இருந்திருந்தால் மரியாதையோடு கட்டிலில் கிடந்து செத்திருப்பார். நாற்பது வயதளவில் கடல் தாண்டிப் போய், கிறிஸ்துவைக் கேள்விப்படாத சனத்துக்குப் போதிக்கிறேன் என்று கிளம்பினார். முதல் பயணம் படுதோல்வி. அங்கே சண்டை, ஒருவரும் காது கொடுக்கவில்லை. திரும்பி வந்தவரை மடத்துக்குத் தலைவராய் இரு என்று எல்லாரும் கெஞ்சினார்கள். மாட்டேன் என்று திரும்பவும் போய்விட்டார். அதன்பிறகு இந்த நாட்டு மண்ணை அவர் மிதிக்கவேயில்லை.

நான் அந்தப் பக்கத்தைத் திரும்பவும் ஒருமுறை படித்தேன். சோறு அடிப்பிடித்ததும் அன்றைக்குத்தான்.

யேர்மனிப் பக்கத்தில் சனம் கும்பிட்டுவந்த பெரிய ஓக் மரம் ஒன்றை அவர் கோடரியால் வெட்டி, அந்தப் பலகையிலேயே ஒரு சிற்றாலயம் கட்டினார். இந்த இடம் எனக்கு உடன்பாடாக இருக்கவில்லை. அடுத்தவன் கும்பிடுவதை வெட்டுவது என்ன நியாயம் என்று புத்தகத்தோடேயே சண்டை பிடித்தேன். ஆனால் அவர் ஊருக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிப் படித்தபோது மனம் இளகிவிட்டது. புத்தகம் அனுப்புங்கள், புத்தகம் அனுப்புங்கள் என்று ஓயாமல் கேட்டிருக்கிறார். வயது போனபிறகு, எழுத்தைப் பெரிதாய், பிரித்துப் பிரித்து எழுதினதாய் அனுப்புங்கள், கண் தெரிகிறதில்லை என்று கேட்டிருக்கிறார். ஊரிலிருந்து பார்சல் வருமா என்று வாசலைப் பார்க்கிற பாடு எனக்குத் தெரியாததா?

கிழவனான பிறகு, பதவி எல்லாவற்றையும் இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, முதன்முதல் தோற்றுப்போன அதே இடத்துக்குத் திரும்பப் போனார். போகும்போது புத்தகப் பெட்டிக்குள் தன்னுடைய பிரேதத்தைச் சுற்றுகிற சீலையையும் வைக்கச் சொன்னார். அங்கே ஒரு ஆற்றங்கரையில் கூடாரம் அடித்து, புதிதாய் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு உறுதிபூசுதல் கொடுக்கக் காத்திருந்தார். விடிய அவர்கள் வருவார்கள் என்று பார்த்திருக்க, வந்தது ஆயுதம் தூக்கிய ஒரு கூட்டம். அவரோடு இருந்த இளம் ஆட்கள் தங்கள் வாளை உருவினார்கள். அவர் கூடாரத்தை விட்டு வெளியே வந்து, பிள்ளைகளே, சண்டை வேண்டாம், ஆயுதத்தைக் கீழே வையுங்கள் என்றார். அவர்கள் கேட்டார்கள். பிறகு வந்த கூட்டம் எல்லாரையும் வெட்டிப்போட்டது. அவர் கையிலிருந்த புத்தகத்தைத் தலைக்கு மேல் பிடித்தார் என்று சொல்கிறார்கள். வெட்டினவர்கள் பொன் இருக்கும் என்று பெட்டிகளை உடைத்தால் உள்ளே எல்லாம் புத்தகம். வாள் குத்திய புத்தகத்தின் கதை இதுதான். சோதனைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நான் இதை எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாவியார் கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சண்டை எங்கை?"

"சண்டை இல்லை அண்ணை. அவர் மறிச்சவர்."

"மறிச்சாலும் கொஞ்சமெண்டாலும் அடிபட்டிருப்பாங்கள்தானே."

"இல்லை. வாளைக் கீழ வைச்சவங்கள்."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "பிள்ளை, வாள்சண்டை இல்லாட்டி அது கூத்தில்லை. செபமாலை."

எங்கள் கூத்துகளைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது விளங்கும். எந்தப் புனிதரின் கதையானாலும் ஒரு வாள்சண்டை வந்தே தீரும். மத்தளம் ஏற ஏற, வாளும் வாளும் முட்ட, ஆட்டக்காரர் சுழன்று வர, அதற்காகத்தான் சனம் நித்திரை முழிக்கிறது. ஏற்கெனவே பெடியள் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய ஹோலில் வாளாட்டம் பழகத் தொடங்கிவிட்டார்கள். கணக்கியல் படிக்கிற ஒரு பெடியன், புனிதரின் காவலாளராக ஆடுகிறவர்களில் முதல் ஆள். அவன் சுழலுகிற அழகைப் பார்க்கவே தாய்மார் வீட்டுக்குப் போகாமல் நிற்பார்கள்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் தலைவரிடம் போனது வழக்கு. டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். நல்ல மனிதர், பயந்த மனிதர். அவர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார்.

"தங்கச்சி, சண்டையை விடுங்கோ. எனக்குப் பயம் இந்த வசனத்துக்குத்தான். 'ஆயுதத்தைக் கீழே வையுங்கள்' எண்டு மேடையில நிண்டு சொன்னா, சனம் புனிதர் சொன்னதெண்டோ எடுக்கும்? இது ஆருக்குச் சொல்லுறது எண்டு கேப்பினம்."

"ஆயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முந்திச் சொன்னதண்ணை."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஒரு பக்கத்தான் எங்களைத் துரோகி எண்டுவான். மற்றப் பக்கத்தான் பாத்தியோ, இவையளே சொல்லீட்டினம் எண்டு தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஆடுவான். எனக்கு ஊரில சகோதரங்கள் இருக்கு. இங்கை கடை இருக்கு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த நாட்களில் ஒரு சொல்லை இடம் மாற்றி வைத்ததற்காகக் கல்யாண வீட்டில் முகம் பார்க்காமல் போனவர்கள் உண்டு. எனக்கு அது தெரியும். தெரிந்தும் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப புனிதரை விட்டிட்டு மிச்சத்தைப் போடுங்கோ" என்று சொல்லி, எழுதினதை மேசையில் போட்டுவிட்டு வந்துவிட்டேன். கோபத்தில் குடையையும் விட்டுவிட்டேன். அன்றைக்குப் பார்த்து அப்படி ஒரு மழை.

கதையை மாற்றிவிட்டார்கள். புனிதர் ஒரு ஓரமாய் முழந்தாளில் நின்று செபிப்பார். காவலாளர் வீரமாய்ச் சண்டை பிடித்து விழுவார்கள். கடைசியில் அவரை வெட்டுவார்கள். அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லத் தேவையில்லை. நான் இனி அந்த ஹோல் பக்கம் போகமாட்டேன் என்று வீட்டில் சத்தியம் பண்ணினேன். புருஷன் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு, "பாப்பம்" என்று மட்டும் சொன்னார்.

புனிதராக ஆடத் தெரிவுசெய்யப்பட்டவர் அந்த மன்னார் அக்காவின் புருஷன். ஆஸ்பத்திரியில் நோயாளரை வண்டிலில் தள்ளுகிற வேலை. நல்ல உயரம், கணீரென்ற குரல், நெஞ்சு வரைக்கும் சொந்தத் தாடி. ஒட்டுத்தாடி தேவையில்லை என்று அண்ணாவியாருக்கு ஒரே புளுகம், முகம் நிறையச் சிரிப்பு. மகனைப் பற்றிச் செய்தி நின்ற நாளிலிருந்து சவரம் செய்யாமல் விட்ட தாடி அது என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒருநாள் பின்னேரம் அவர் நான் வேலை செய்கிற மருந்துக்கடைக்கு வந்தார். மனைவியின் பிரஷர் மாத்திரை. அதை வாங்கியபிறகும் போகாமல், பற்பசை அடுக்கின தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடையில் ஆள் இல்லாமல் போனதும் கிட்ட வந்தார்.

"தங்கச்சி, அவர் மெய்யா அப்பிடிச் சொன்னவரோ? ஆயுதத்தை வையுங்கோ எண்டு?"

"ஓம் அண்ணை. புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு."

"அவங்கள் கேட்டவங்களோ?"

"கேட்டவங்கள். கேட்டும் எல்லாரும் செத்துத்தான் போனவங்கள்."

"அது சரி. கேட்டவங்கள்தானே" என்றார்.

அவர் மாத்திரைப் பையைக் கையில் மாற்றி மாற்றிப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"கடைசியா அவன் எடுத்தது ஒரு போன் கடையில இருந்து. 'அப்பா, நான் என்ன செய்ய?' எண்டு கேட்டான். பக்கத்தில ஆக்கள் கதைக்கிற சத்தம் கேக்குது. ஆரெண்டு தெரியாது. எல்லாத்தையும் விட்டிட்டு வா எண்டு நான் சொல்லி, அது ஆரின்ரையும் காதில விழுந்து, அவனுக்கு ஒண்டு நடந்திட்டா? 'சாப்பிட்டியோ' எண்டு கேட்டன். 'ஓம் அப்பா' எண்டான். லைன் அறுந்து போட்டுது."

பையின் வாயை மடித்து மடித்து விட்டார்.

"சொல்லியிருந்தா வந்திருப்பானோ, வந்திருக்க ஏலுமோ, அது வேறை. நான் சொல்லேல்லை தங்கச்சி."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முதலாளி குஜராத்திக்காரர் உள்ளே மருந்து எண்ணிக்கொண்டிருந்தார். அவர் காணாமல் திரும்பி, அடுக்கின சோப்பை இன்னொருமுறை அடுக்கினேன். பிறகு, அந்த வசனத்தைத் திரும்பப் போடச் சொல்லி நான் தலைவரிடம் கேட்கிறேன் என்று சொன்னேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். "சபை சொன்னாச் சரி. அவரும் பாவம்." அப்படிப்பட்ட மனிதர். யாருக்கும் கரைச்சல் கொடுக்க மாட்டார்.

ஆனாலும் நான் கேட்டேன். சத்தியத்தை முறித்துக்கொண்டு அடுத்த ஞாயிறே ஹோலுக்குப் போய்க் கேட்டேன். ஏன் என்று மட்டும் சொல்லவில்லை. அது அவருடைய கதை, நான் விற்கக்கூடாது. தலைவர் கும்பிடாத குறையாய், "தங்கச்சி, ஏலாது" என்றார். சரி, ஏலாதென்றால் ஏலாது. பிறகு நான் உடுப்புத் தைக்கிற பக்கம் போய் இருந்துவிட்டேன்.

திருவிழா சனிக்கிழமை வந்தது. ஹோல் நிறைந்து, சுவரோடு சனம் நின்றது. டூட்டிங் முழுக்க அங்கேதான், பிளேஸ்டோவிலிருந்தும் ஒரு வான் நிறைய வந்தார்கள். முன்வரிசையில் ஐரிஷ் பாதர், பக்கத்தில் தலைவர், அதற்கடுத்த கதிரையில் பாதருக்குக் கதையை இங்கிலிஷில் சொல்ல நான். மன்னார் அக்கா எங்களுக்குப் பின்வரிசையில் மகளோடு இருந்தாள். புனிதராக ஆடுகிறவர் அன்றைக்குப் பாவசங்கீர்த்தனம் செய்து, பச்சைத் தண்ணீரும் குடியாமல் மேடையேறுவது எங்களில் முறை. அவர் காலையிலிருந்து பட்டினி.

முதல் பாதி கலகலப்பாய்ப் போனது. ஓக் மரத்தைக் கம்பளக்கடையில் வாங்கின மட்டைக் குழாய்களால் செய்திருந்தார்கள். புனிதர் கோடரியை ஓங்க முதலே மரம் தன்பாட்டில் சரிந்து, கட்டியம் சொல்லுகிறவரின் தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு விழுந்தது. சனம் சிரித்துப் புரண்டது. பாதர் எழும்பி நின்று கை தட்டினார். அற்புதம் என்றே நினைத்திருப்பார்.

பிறகு ஆற்றங்கரை. நீலச் சேலையை விரித்து ஆறு. புனிதர் பெட்டியைத் திறந்து, மேலே கிடந்த வெள்ளைச் சீலையைத் தொட்டு ஒரு விருத்தம் பாடினார். விடியப் பிள்ளைகள் வருவார்கள் என்று பாடி முடித்துவிட்டு ஓரமாய்ப் போய் முழந்தாளிட்டார். பகைவர் வந்தார்கள், காவலாளர் பாய்ந்தார்கள், மத்தளம் எழும்பியது. கணக்கியல் பெடியன் நடுவே சுழன்று வந்தான். வெள்ளிக் கடதாசி ஒட்டின வாள்கள்தான், ஆனால் அந்த வெளிச்சத்தில் மினுங்கின மினுக்கம்! சனம் விசில் அடித்தது. எனக்கும் கால் தாளம் போட்டது, பொய் சொல்லக்கூடாது.

அப்போது புனிதர் எழும்பினார்.

எழும்ப வேண்டிய இடம் அது அல்ல. பாதர் என் முகத்தைப் பார்த்தார். புனிதர் சண்டைக்குள்ளே நடந்து போனார். வாள்கள் ஒன்றிரண்டு அவர் தோளில் பட்டன. நேரே அந்தப் பெடியனிடம் போய், அவன் வாள் பிடித்த கையின் மணிக்கட்டைப் பிடித்தார். மத்தளக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினார். அதுவரைக்கும் கூத்துத் தமிழில், ராகத்தில் பாடிய அதே குரல், வீட்டில் கதைக்கிற மாதிரிக் கதைத்தது.

"தம்பி, காணும். அதைக் கீழ வை. வீட்டை வா அப்பன்."

அவ்வளவுதான். அவர் யாருக்குச் சொன்னார் என்று கேட்க வேண்டிய தேவை அங்கே ஒருவருக்கும் இருக்கவில்லை. எங்களில் எந்த வீட்டில் அப்படி ஒருவன் இல்லை? எனக்குப் பின்னால் அக்காவின் மூச்சு இழுபடுவது கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கையைப் பின்னால் நீட்டினேன், அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பெடியன், மாதக்கணக்காய் அந்த ஆட்டத்துக்காகவே காத்திருந்தவன், குனிந்து வாளை நிலத்தில் வைத்தான். சத்தம் வராமல் வைத்தான். மற்றக் காவலாளரும் ஒவ்வொருவராய் வைத்தார்கள். பகைவராக ஆடினவர்கள் வாளைக் கையில் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். சண்டை பிடிக்க எதிரில் ஆள் இல்லை.

"வெட்டுங்கோடா. கூத்து முடிய வேணும்" என்று திரைக்குப் பின்னாலிருந்து அண்ணாவியாரின் குரல் கேட்டது. பாதி அழுகை அந்தக் குரலில்.

ஒருவரும் அசையவில்லை. புனிதர் புத்தகத்தை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டார். முன்னால் நின்ற பகைவனைப் பார்த்து, "வெட்டு தம்பி, பறவாயில்லை" என்று மெதுவாய்ச் சொன்னார். அவன் கண்ணைத் துடைத்துவிட்டு வெட்டினான். மங்களம் பாடினார்கள்.

"அவர் அந்தப் பெடியனிடம் என்ன சொன்னார்?" என்று பாதர் கேட்டார்.

"புனிதர் சொன்னதைத்தான்" என்றேன். தலைவருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் உரத்துத்தான் சொன்னேன்.

கூத்து முடிந்தபிறகு ஹோலின் குசினியில் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு நின்றோம். மன்னார் அண்ணை ஒரு மூலையில் கவிழ்த்த வாளி ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார், அந்த அங்கியோடேயே. ஒருவரும் கிட்டப் போகவில்லை. அப்போது தலைவர் உள்ளே வந்தார். இப்போது ஒரு பிரளயம் நடக்கப்போகிறது என்று நான் கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கை ஊன்றினேன். அவரைப் பார்த்து ஒரு சொல் சொன்னால் நான் சொல்லப்போகும் பத்துச் சொல்லும் வாயில் தயாராய் இருந்தன.

தலைவர் என்னைத் தாண்டிப் போனார். ஒரு தட்டை எடுத்துச் சோறு போட்டார், மீன்குழம்பு விட்டார், ஒரு கிளாஸில் தண்ணீரும் எடுத்தார். அவர் முன்னால் போய்க் குனிந்தார்.

"சாப்பிட்டீங்களோ அண்ணை?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இல்லை" என்றார். தலைவர் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவர் முதல் கவளத்தை எடுத்தார். அப்போதுதான் அவர் அழத் தொடங்கினார். தலைவர் அந்த ஈரத் தரையில், நல்ல கால்சட்டையோடு, அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். என் வாயில் இருந்த பத்துச் சொல்லையும் நான் விழுங்கிவிட்டேன்.

தலைவர் பயந்தது போலச் சில முணுமுணுப்புகள் எழுந்தன, இரண்டு பக்கத்திலிருந்தும். கொஞ்ச நாள் சிலர் தலைவரின் கடைக்குப் போகவில்லை. பிறகு போனார்கள், நல்ல மீன் வேறெங்கே கிடைக்கும்? அதற்கடுத்த வருடங்களில் ஊரில் நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுத என்னால் முடியாது. மன்னார் அக்காவின் மகனைப் பற்றி ஒரு செய்தியும் வரவில்லை. உயிரோடு என்றும் இல்லை, மற்றது என்றும் இல்லை.

கூத்தைத் திரும்பப் போட்டபோது அண்ணாவியார் அந்த இடத்துக்குப் பாட்டுக் கட்டவில்லை. வாளாட்டத்தையும் எடுக்கவில்லை. ஆட்டம் உச்சத்துக்கு வரும்போது புனிதர் எழும்பி வந்து நிறுத்துவார் என்று அவரே கொப்பியில் எழுதி வைத்தார். புனிதராக ஆடியது வேறொருவர். மன்னார் அண்ணை பின்னால் நின்று பார்த்துவிட்டு, அந்த இடம் வர வெளியே போய்விட்டார்.

பேனைகளும் நிற்கவில்லை. கதை முழுவதையும் மேடையிலே ஆடிக்காட்டியும் தாய்மார் மாறவில்லை. அப்படி ஒரு சோதனைக் காலத்தில், லண்டனுக்குப் புதிதாய் வந்த ஒரு தாய், மகனின் பேனையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் தயங்கி நின்றாள். மன்னார் அக்கா அங்கே மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அக்கா, இவர் படிப்புக்குரியவர் எண்டு சொல்லிச்சினம். அப்பிடியோ?"

அக்கா திரியை நேராக்கி வைத்தாள்.

"இல்லைப் பிள்ளை. இவர் பிள்ளையளை வீட்டை கூப்பிடுறவர்."

அந்தத் தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் பேனையை வைக்கவா விடவா என்று என்னைப் பார்த்தாள். வையுங்கோ என்று நான் சொன்னேன்.